தோட்டப்பாளையத்துத் தூங்குமூஞ்சி மரத்துக்கு ஒரு வக்காலத்து

எங்கள் தெருமுனையில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தில் 1806இல் சிப்பாய்களைத் தூக்கில் போட்டார்கள் என்று இந்த ஏரியாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் சொல்வார்கள், டீக்கடையில் சொல்வார்கள், வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் வெளியூர்க்காரருக்கு ரூம்பாய் பையன் தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிக்கொண்டிருப்பான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்திருக்க வழியே இல்லை. ஜூலை 10ஆம் தேதி விடிவதற்கு முன்னாலேயே வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் வெள்ளைக்காரர்களுக்கு எதிராக எழுந்ததும், ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்காரத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கியதும், பிடிபட்டவர்களில் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்து சிலரைத் தூக்கில் போட்டதும் உண்மை. இந்த மரம் அதில் இல்லை. அன்றைக்கு இந்த ஜாதி மரம் இந்தியாவுக்கே வந்து சேரவில்லை. தென் அமெரிக்காவில் பிறந்து, இலங்கை வழியாக இது இங்கே வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். கலகம் முடிந்து அரை நூற்றாண்டுக்கு மேல் போன பிறகு.

சரி, கதையைக் கெடுத்துவிட்டேன். கெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. கொஞ்ச நாள் முன்னால் மரத்தின் அடியில் சிவப்பு பெயிண்டில் ஒரு வளையமும் ஒரு நம்பரும் போட்டுவிட்டுப் போனார்கள். கால்வாயை அகலப்படுத்தப் போகிறார்களாம். மரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று கிளம்பியவர்கள் கையில் எடுத்த முதல் ஆயுதம் இந்தத் தூக்குமரக் கதைதான். 'சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த மரம்' என்று மனுவிலேயே எழுதிவிட்டார்கள். எதிர்த்தரப்பில் விவரம் தெரிந்த ஒருவர் கூகுளில் தேடி, இது வெளிநாட்டு மரம், 1806இல் இங்கே இருந்திருக்கவே முடியாது, ஆக இவர்கள் சொல்வது பூரா டூப்பு, வெட்டுவதில் தப்பில்லை என்று ஒரே போடாகப் போட்டார். பொய்யை வைத்து வாதாடினால் இதுதான் கதி. மரத்துக்காகப் பேச உண்மையே போதுமானது என்பது என் கட்சி, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

முதலில் வயசு. மரத்தின் வயதை வெளியிலிருந்து துல்லியமாகச் சொல்ல முடியாது, வளையம் எண்ண வேண்டுமென்றால் வெட்ட வேண்டும், அல்லது மெல்லிய துளைகருவியால் உள்ளே குடைந்து ஒரு குச்சி அளவுக்கு மரத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். நமக்குத் தெரிந்தது டேப்தான். நெஞ்சு உயரத்தில், அதாவது தரையிலிருந்து நாலரை அடியில், தையற்கடை டேப்பை நாலு தடவை ஒட்டிப் பிடித்து அளந்தேன். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னா சார், மரத்த கட்டிப் புடிச்சினுகீற?" என்றார். பிறகு அவரே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். சுற்றளவு பதினேழு அடி. விட்டமாகக் கணக்குப் போட்டால் சுமார் 165 சென்டிமீட்டர். இது வேகமாகப் பருக்கும் ஜாதி; வருஷத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 80லிருந்து 110 வயசுக்குள் வரும். இருநூறு எல்லாம் கிடையாது. ஆனால் வேலூர் மாநகராட்சி ஆனது 2008இல், வட ஆற்காடு மாவட்டம் இரண்டாக உடைந்தது 1989இல். அது உடைந்தபோது இந்த மரம் நடுவயதைத் தாண்டியிருக்கும்.

தெருவுக்கு இது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால் மே மாதம் மத்தியானம் ரெண்டு மணிக்கு வர வேண்டும். கத்திரி வெயிலில் 42, 43 டிகிரி என்று சாதாரணமாக அடிக்கும் ஊர் இது. சுற்றிலும் இருக்கும் பாறை மலைகள் பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு ராத்திரி திருப்பித் தருகின்றன. அந்த நேரத்தில் மரத்தின் நிழலுக்குள் காலை வைத்தால் உடம்பே சொல்லும். இஸ்திரி வண்டி, பஞ்சர் கடை, நாலு ஆட்டோ, இளநீர்க்காரர், எல்லாம் ஒரே நிழலுக்குள். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கும் வங்காளக் குடும்பங்கள் லாட்ஜ் அறையின் புழுக்கம் தாங்காமல் ஃபைலும் ஸ்கேன் கவருமாக இதன் அடியில்தான் உட்கார்ந்திருப்பார்கள். ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பவர்களுக்கு இந்த ஊரில் உட்கார வேறு எங்கே இடம் இருக்கிறது சொல்லுங்கள். டாக்டர் இடா ஸ்கடர் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்த அந்த ஆஸ்பத்திரி இன்று தோட்டப்பாளையத்தையும் சைதாப்பேட்டையையும் லாட்ஜ்களாலும் மெடிக்கல் ஷாப்புகளாலும் நிரப்பியிருக்கிறது. வெளியூர்க்காரர்களால் பிழைக்கும் ஏரியாவில் நின்றுகொண்டு மரத்தைப் பார்த்து வெளியூர் என்கிறோம்.

இலையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. சாயங்காலம் வெளிச்சம் இறங்கும்போது ஒரு தாழ்ந்த கிளையைப் பிடித்துப் பாருங்கள். இலைகள் ஜோடி ஜோடியாக மடியும், ஒட்டுமொத்தக் காம்பும் தொங்கிவிடும். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் கடுகை விடச் சின்னதாக ஒரு வீக்கம் இருக்கிறது, நகத்தால் வருடினால் தெரியும். பொட்டாசியம் அந்த வீக்கத்தின் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து மறுபக்கத்துக்குப் போகும். பின்னாலேயே தண்ணீரும் போகும். ஒரு பக்கம் தளர்ந்து மறுபக்கம் விறைக்க, இலை தானாகச் சாய்கிறது. வெறும் இருட்டைப் பார்த்து மட்டும் நடப்பதில்லை இது. இலையைக் கொண்டுபோய் இருட்டறையில் வைத்தாலும் பொழுது விடிகிற நேரத்துக்கு விரியப் பார்க்கிறது, உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது. மழைமேகம் கட்டினாலும் மடக்கும். அதனால் பெய்கிற மழை குடையில் தங்காமல் நேராக அடிமண்ணுக்கு இறங்கிவிடுகிறது. மண் இருந்தால். அந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

பங்குனி, சித்திரையில் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூ. தூரத்திலிருந்து பார்க்கையில் பவுடர் பஃப் மாதிரி ஒரே பூவாகத் தெரியும். கையில் எடுத்தால் அது பல பூக்களின் கொத்து, நடுவில் இருக்கும் ஒன்று மட்டும் மற்றவற்றை விடத் தடியாக, வேறு மாதிரி இருக்கும். தேன் அதில்தான். அப்புறம் காய். பழுத்துக் கறுத்து விழும், உடைத்தால் உள்ளே வெல்லப்பாகு போலப் பிசுபிசுப்பு. எங்கள் தெருவில் ஆடு, மாடு வைத்திருக்கும் ஆயா ஒருவர் சாக்கோடு வந்து பொறுக்கிக்கொண்டு போவார். "காசு குடுத்து வாங்குற தவுட்டுக்கு இது இன்னா கொறச்சல்" என்பார். குறைச்சல் இல்லைதான், பல நாடுகளில் இந்தக் காயைத் தீவனமாகவே சேர்த்து வைக்கிறார்கள்.

இந்த மரத்தின் சொந்த ஊரிலும் கதைகளுக்குப் பஞ்சமில்லை. வெனிசுவேலாவில் துர்மெரோ என்ற ஊர்ப் பக்கம் 1800இல் ஜெர்மன் விஞ்ஞானி ஹம்போல்ட் போனபோது, வழியில் ஒரு மரம் சுமார் மூன்று மைலுக்கு அப்பாலிருந்தே மேடு தட்டித் தெரிந்ததாக எழுதிவைத்தார். கிட்டப்போய் அளந்தால் கிளைப் பரப்பின் சுற்றளவு 576 அடி. சாமான் தெ குவேரே என்று அதற்குப் பெயர். அந்த நாட்டு விடுதலைப் போர்த் தலைவர் சிமோன் பொலிவார் தன் படையோடு அதன் அடியில் இளைப்பாறினார் என்பார்கள். 1982இல், பின்னாளில் அந்நாட்டு அதிபரான ஹூகோ சாவேஸும் அவருடைய ராணுவ சகாக்களும் அங்கேதான் போய்ச் சபதம் எடுத்துக்கொண்டார்கள். ஆக, இதன் அடியில் ஆட்டோ சங்கத் தகராறு நடப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெட்டச் சொல்பவர்களில் நான் மதிக்கும் ஒரு கோஷ்டி உண்டு: ஞாயிற்றுக்கிழமை தோறும் கன்று நடும் பையன்கள். நல்ல பையன்கள், கை காய்த்துப் போகிற அளவுக்கு உழைப்பவர்கள். அவர்களில் ஒருவன், "அண்ணா, இது அயல் மரம்ணா, குருவிகூட கூடு கட்டாது, இத எடுத்துட்டு நாட்டு மரமா நாலு வெச்சுரலாம்" என்றான். குருவி கட்டாது என்று எங்கேயோ படித்திருக்கிறான், நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் காட்டினேன். உச்சியில் காக்கைக் கூடு. பட்டுப்போன ஒரு கிளையில் குக்குறுவான் குடைந்த பொந்து, உளி வைத்து எடுத்ததுபோல் வட்டமாக. ஒரு காலத்தில் கிளை முறிந்த இடத்தில் ஆழமாக ஒரு பொத்தல், அதற்குள் புள்ளி ஆந்தை ஜோடி. பகலில் கீழிருந்து பார்த்தால் மஞ்சள் கண்ணை உருட்டிக்கொண்டு தலையை மேலும் கீழும் ஆட்டும். பையன் அசந்துபோனான், போனில் பத்து படம் எடுத்தான், எடுத்துவிட்டு, "இருந்தாலும் நம்ம மரம் இல்லியேண்ணா" என்றான்.

நம்ம மரம் எது? வட ஆற்காட்டுக்காரன் மானாவாரி நிலத்தில் தலைமுறையாக விதைக்கிற மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதான். பள்ளிக்கூட வாசலில் கூறு கட்டி விற்ற கொடுக்காப்புளி மத்திய அமெரிக்கா. நெடுஞ்சாலை ஓரம் எல்லாம் வரிசையாக நின்ற புளியமரம்கூட ஆப்பிரிக்காவிலிருந்து எந்தக் காலத்திலோ வந்து ஒட்டிக்கொண்டது. புளியை எடுத்துவிட்டால் நம் வீட்டுக் குழம்பு என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வெளியிலிருந்து வந்தது என்பது ஒன்று, வந்த இடத்தைப் பிடுங்கிக்கொள்வது என்பது வேறு. சீமைக்கருவேலம் இரண்டாவது வகை. 1870களில் விறகுக்கு ஆகும், தரிசில் வளரும் என்று வெள்ளைக்கார வனத்துறை அதிகாரிகள் விதை வரவழைத்துப் போட்டார்கள். இன்று ஏரிக்குள், ஆற்றுப் படுகைக்குள், வாய்க்காலுக்குள் எல்லாம் அதுதான். நெற்றைத் தின்ற மாடு போகிற இடமெல்லாம் விதைத்துவிட்டுப் போகிறது. அதைப் பிடுங்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட்டதும், 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்ததும் சரியான காரியங்கள். தூங்குமூஞ்சியும் சில இடங்களில் அப்படித்தான். ஃபிஜி, வனுவாட்டு போன்ற பசிபிக் தீவுகளில் மேய்ச்சல் நிலத்தை எல்லாம் மூடித் தொல்லை கொடுக்கிறது. ஆனால் இந்தக் காய்ந்த ஊரில் அந்தக் கதை நடக்கவில்லை. எங்கள் தெருச் சாக்கடை ஓரத்தில் வருஷா வருஷம் இதன் கன்றுகள் முளைக்கின்றன, வெயிலிலும் ஆட்டு வாயிலும் போய்விடுகின்றன. பாலாற்றுக்குள் போய்ப் பாருங்கள், அங்கே காடாக நிற்பது எது என்று. அந்தப் பையன்களின் கடப்பாரைக்கு வேலை அங்கே இருக்கிறது. வேம்பும் புங்கனும் நாவலும் நீர்மருதும் தாராளமாக வையுங்கள், நானும் குழி வெட்ட வருகிறேன், ஆனால் இன்றைக்கு வைக்கிற புங்கன் கன்று இந்த நிழலைத் தருவதற்குள் நான் இருக்க மாட்டேன், அந்தப் பையனுக்கே முடி நரைத்திருக்கும். இஸ்திரிக்காரர் அதுவரை எங்கே நிற்பார்?

வேலூருக்கென்று ஒரு பழைய கேலி உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. இதில் சாமி 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். தண்ணி 2021 நவம்பரில் பாலாறு கொள்ளாமல் வந்து ஊரைப் பயமுறுத்திவிட்டுப் போனது. மலை இன்னும் மொட்டைதான். நாட்டு மரம் வைக்க இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மரத்தின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பக்தன் என்று ஒதுக்கிவிடுவார்கள். இருபது அடி தெருவில் இதை நட்டிருக்கவே கூடாது. ஏரிக்கரையிலோ பெரிய மைதானத்திலோ நிற்க வேண்டிய உருவம் இது. கிளைகள் படுக்கைவாட்டில் ஓடும், கனம் அதிகம், மரமோ அவ்வளவு உறுதியானதில்லை. நல்ல மழை பெய்து ஊறின ராத்திரி ஒரு கிளை திடீரென்று முறிந்து கீழே வரும். சில மாதங்களில் இலையில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பூச்சிகள் பிசின் மாதிரி ஒழுகவிட, கீழே நிறுத்திய கார்க் கண்ணாடியைத் துடைத்து மாளாது. காய் சீசனில் தெருவே வழுக்கும், புளித்த வாடை வேறு. 2016 டிசம்பரில் வர்தா புயலில் சென்னையில் சாய்ந்த மரங்களில் தூங்குமூஞ்சியும் குல்மோகரும் ஏராளம் என்பதும் உண்மை. புதிதாக ஒரு கன்றை இந்தத் தெருவில் வைக்கிறேன் என்று யாராவது வந்தால் நானே குறுக்கே நிற்பேன்.

ஆனால் விழுவதற்கு மரம் மட்டும்தான் காரணமா? எங்கள் மரத்தின் அடியைப் பாருங்கள். கிழக்குப் பக்கம் சிமெண்ட் ரோடு தண்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. தொட்டுக்கொண்டு என்று பேச்சுக்குச் சொல்லவில்லை, மரம் பருத்துச் சிமெண்டின் விளிம்பு பட்டைக்குள் இரண்டு விரல் ஆழத்துக்குப் புதைந்திருக்கிறது. (நிறுத்தியிருந்த பைக்கை எடுக்காமல் அதன் சக்கரத்தோடு சேர்த்துச் சிமெண்ட் ரோடு போட்ட ஊர் இது, 2022இல் நாடே பார்த்துச் சிரித்தது, மரம் எம்மாத்திரம்.) மேற்கே குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியபோது தொடை தடிமன் வேர்களைக் கோடாலியால் வெட்டிப் போட்டார்கள். வேர் ஆழத்தில் இருக்கிறது, மேலே நாலு வேர் போனால் என்ன என்று நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. தண்ணீரும் சத்தும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேலே இரண்டடி மண்ணுக்குள்தான் பரவியிருக்கும், கிளை நிழலைத் தாண்டியும் போகும். மின்கம்பிக்காக வருஷா வருஷம் தெற்குப் பக்கத்தை மட்டும் வெட்டி வெட்டி, கனம் பூராவும் வடக்கே சாய்ந்திருக்கிறது. ஒரு பக்கம் வேரைப் பிடுங்கி, மறுபக்கம் பாரத்தை ஏற்றிவிட்டு, விழுந்தால் வெளிநாட்டு மரம் என்கிறோம். இதையெல்லாம் தாங்குகிற நாட்டு மரம் எது என்று எனக்குக் காட்டட்டும்.

கிளை வெட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் வளையமாக ஒரு தடிப்பு இருக்கும். அதற்கு வெளியே ஒட்டி வெட்டினால் சுற்றிலும் புதுப்பட்டை உருண்டு வந்து காயத்தை மூடும். வடக்குப் பக்கம் அப்படி மூடிய பழைய காயம் ஒன்று இருக்கிறது, விரலை வைத்துப் பார்த்தால் நடுவில் சின்னக் குழிதான் பாக்கி. தெரிந்த ஆள் யாரோ எப்போதோ செய்த வேலை. தெற்குப் பக்கம் வழியில் எங்கே கத்தி பட்டதோ அங்கே வெட்டியிருக்கிறார்கள். அந்த முண்டுகள் காய்ந்து, அழுகி, அதன் பக்கத்திலிருந்து கொத்தாகக் கிளம்பிய புதுக் கொம்புகள் பிடிப்பே இல்லாமல் மேலே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நாளைக்கு ஒருவர் தலையில் விழப்போவது அதுதான். மரம் மொட்டை அடித்தால் பத்திரம் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் அண்ணாந்து பார்க்கட்டும். தண்டில் அடித்த ஆணிகள் தனிக் கணக்கு. டியூஷன், பைல்ஸ் வைத்தியம், ரூம் வாடகைக்கு, கண்ணீர் அஞ்சலி. போர்டு விழுந்துவிடுகிறது, ஆணி உள்ளேயே இருக்கிறது.

பெயிண்ட் வளையத்துக்கு வருகிறேன். பொது இடத்து மரத்தை நினைத்தபோது வெட்டிவிட முடியாது; 2021 முதல் மாவட்ட ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழு என்று ஒன்று இருக்கிறது, அது பார்த்துச் சொல்ல வேண்டும். சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். தூக்குமரக் கதையை அடித்துவிட்டு எழுதச் சொல்லி நான் மல்லுக்கு நின்றேன், சிலருக்கு என் மேல் வருத்தம்தான். சுற்றளவு, படம், நிழலில் பிழைப்பவர்கள் எத்தனை பேர், கால்வாயை எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளினால் வேர் தப்பும் என்று ஒரு கைவரைபடம், இவ்வளவுதான் மனு.

ஒரு பொறியாளர் வந்து பார்த்தார். சின்ன வயசு, பொறுமையாகக் கேட்டார். கால்வாயை எதிர்ப்பக்கம் திருப்பினால் செலவு கொஞ்சம் கூடும், மேலே கேட்டுச் சொல்கிறேன், ஆனால் டிரான்ஸ்பார்மர் மேல் நீண்டிருக்கும் கிளையைக் குறைத்தே ஆக வேண்டும் என்றார். நியாயம்தான், ஒத்துக்கொண்டோம். ஆந்தைப் பொந்து இருக்கும் கிளை அது இல்லை என்று கன்று நடும் பையன்தான் முதலில் மேலே பார்த்துச் சொன்னான். வேர் மூச்சுவிட அடிமரத்தைச் சுற்றி நாலடிக்குச் சிமெண்டை உடைத்து மண்ணாக விடவேண்டும் என்று நாங்கள் கேட்டதில்தான் தெரு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. அந்த நாலடி போனால் எதிர்வீட்டுக்காரர் கார் நிறுத்த முடியாதாம். பிசின் ஒழுகுகிறது என்று அவரே ஏற்கெனவே புலம்பிக்கொண்டிருந்த கார் அது, வேறு இடத்தில் நிறுத்தினால் அவருக்கும் நல்லதுதானே என்றேன். இரண்டு நாளாகப் பேசுவதில்லை.